பழைய பாய்ப்படகுக்குப் புதிய எஞ்சின்: உள்ளே இறக்குவதா, பின்னால் கொழுவுவதா?

இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரை நீளும் கிழக்குக் கரையிலும், நாச்சிக்குடா, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று தொடரும் மேற்குக் கரையிலும், பாய்க்காகக் கட்டப்பட்டுப் பின்னர் சிறிய டீசல் எஞ்சின் ஒன்றையும் உள்ளே ஏற்றுக்கொண்ட பழைய படகு வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார். படகின் உடல் இன்னும் உறுதியாக இருக்கிறது, பாய்மரமும் நிற்கிறது, எஞ்சின்தான் முடிந்துபோயிற்று. அதே இடத்தில் இன்னொரு டீசல் எஞ்சினை இறக்குவதா, அல்லது உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டுப் பின்பலகையில் வெளியிணைப்பு எஞ்சின் ஒன்றைக் கொழுவுவதா?

பெரும்பாலும் விலைதான் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. வெளியிணைப்பு எஞ்சின் கடையில் கிடைக்கிறது, ஒரு பகலில் பூட்டிவிடலாம், தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் விலைக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்: இந்தப் படகு இரவில் எங்கே கிடக்கிறது, கரைக்கு எப்படி வந்து சேருகிறது? இதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால், மீதிக் கணக்குகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

அதற்கு முன், இத்தகைய படகுக்கு எவ்வளவு வலு தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் அதிக பணம் வீணாகும் இடம் அதுதான். பாய்க்காகக் கட்டப்பட்ட படகு நீரைப் பிளந்து தள்ளிக்கொண்டு போகுமே தவிர, இன்று கரையெங்கும் காணப்படும் இலேசான கண்ணாடியிழைப் படகைப் போல நீரின் மேல் எழும்பி ஓடாது. அதன் உச்ச வேகத்தை எஞ்சின் தீர்மானிப்பதில்லை. நீர்மட்டத்தில் அதன் நீளமே தீர்மானிக்கிறது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைப்பது நொட் (மணித்தியாலத்துக்கு ஒரு கடல்மைல்) கணக்கிலான எல்லை. 28 அடிப் படகொன்றின் நீர்மட்ட நீளம் 25 அடி என்றால், அந்த எல்லை 6.7 நொட். அதற்குமேல் 40 குதிரைவலுவைக் கொழுவினாலும் பின்னால் அலை பெரிதாகும், எரிபொருள் எரியும், வேகம் கூடாது. இத்தகைய உடலுக்குத் தொன் ஒன்றுக்கு 4 முதல் 5 குதிரைவலு போதும். ஆகவே மூன்றரைத் தொன் படகுக்கு 15 முதல் 18 வரை என்பது எதிர்காற்றுக்கும் சற்றே இருப்பு வைத்த அளவு.

இனி கரைக்கு வருவோம். முல்லைத்தீவுப் பக்கம் கடல் திறந்தவெளி. வங்காள விரிகுடாவின் அலை நேராக மணலில் வந்து உடைகிறது. படகுகளை ஒதுக்கி நங்கூரமிடத்தக்க பாதுகாப்பான இடங்கள் குறைவு என்பதால், பெரும்பாலானவை தொழில் முடிந்ததும் மணலில் இழுத்தேற்றப்படுகின்றன. இப்படி நாள்தோறும் மணலுக்கு ஏறி இறங்கும் படகின் அடியில் ஷாப்டும் (சுழல்தண்டு) புரொப்பெல்லரும் நீட்டிக்கொண்டிருப்பது நாள்தோறும் ஓர் அபாயம். படகின் அடிநெடுஞ்சட்டமான ஏராவுக்குப் பின்னால் புரொப்பெல்லர் எவ்வளவு பாதுகாப்பாக ஒதுங்கியிருந்தாலும், ஓர் அலை படகைத் தூக்கி மணலில் குத்தினால் ஷாப்ட் நெளிந்துவிடும். நெளிவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருந்தாலும், அடுத்த சில வாரங்களில் அதன் தாங்கியும் (பெயரிங்) நீர் புகாமல் அடைக்கும் கிளாண்டும் தேய்ந்து, நீர் உள்ளே வரத் தொடங்கும்.

வெளியிணைப்பு எஞ்சினின் மிகப் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. கொக்கிளாய், நாயாறு போன்ற களப்புகளின் முகத்துவாரங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கோடையில் மணல் திட்டு வாயை அடைக்கிறது. மாரி வெள்ளம் அதை உடைத்துத் திறக்கிறது. திறந்த வாயிலும் ஆழம் கிழமைக்குக் கிழமை மாறுகிறது. படகு திட்டை நெருங்கும்போது பின்னால் இருப்பவர் எஞ்சினின் தலையைப் பிடித்துத் தன் பக்கம் சாய்க்கிறார். புரொப்பெல்லர் நீருக்கு மேலே வருகிறது. அணியத்தில் (முன்முனையில்) நிற்பவர் மரக்கோலால் ஊன்றித் தள்ள, படகு வந்த அலையின் முதுகில் ஏறித் திட்டைக் கடந்து உள்ளே விழுகிறது. எஞ்சின் மீண்டும் இறங்குகிறது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உள்ளிணைப்பு எஞ்சின் உள்ள படகு அதே திட்டுக்கு முன்னால் வற்று முடிந்து நீர் ஏறும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது துணிந்து அடியைக் கொடுக்க வேண்டும்.

மேற்குக் கரையில் அலை சிறிது, ஆனால் ஆழமும் சிறிது. பாக்கு நீரிணைக் கடல் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. கரையோரத்தில் வெகுதூரம் இடுப்பளவு நீரும் கடற்புல்லும்தான். புல் புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால், வெளியிணைப்பு எஞ்சினைச் சாய்த்துக் கையாலேயே இழுத்தெடுத்துவிடலாம். வலை சுற்றினாலும் அவ்வாறே. உள்ளிணைப்பு எஞ்சின் என்றால், ஒருவர் கத்தியைக் கடித்துக்கொண்டு படகுக்கு அடியில் மூழ்க வேண்டும். இரவில், அலையில், அது சாதாரண வேலை அல்ல. நைலோன் வலை ஷாப்டில் இறுகி உருகிக் கட்டியாகிப்போனால், கரைக்கு வராமல் அதை எடுக்கவே முடியாது.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் வெளியிணைப்பே வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் கரையை விட்டுக் கடலுக்குப் போனபின் கணக்குத் தலைகீழாகிறது.

பழைய பாய்ப்படகின் பின்பகுதி பெரும்பாலும் ஒடுக்கமாகவும் நீரிலிருந்து உயர்ந்தும் இருக்கும். எதிர் அலையில் அணியம் எழும்பிக் குத்தும்போது, பின்பகுதியும் அதே அளவுக்கு எழும்புகிறது. அங்கே தொங்கும் எஞ்சினின் புரொப்பெல்லர் நீரை விட்டு வெளியே வருகிறது. சுமை நீங்கிய எஞ்சின் ஒரு கணம் அலறிப் பாய்கிறது. மறுகணம் நீரில் விழுந்து திணறுகிறது. வாடைக் காற்று ஏறிய கடலில் ஒரு மணித்தியாலம் இப்படிப் போனால் படகு முன்னேறிய தூரம் சொற்பமாகவே இருக்கும். பாய் விரித்து ஒருபக்கம் சாய்ந்து ஓடும்போதும் இதே நிலைதான். எஞ்சின் மேலே ஏறும் பக்கத்தில் இருந்தால் அது காற்றையே கடையும். உள்ளிணைப்பு எஞ்சினின் புரொப்பெல்லரோ படகின் வயிற்றுக்கு அடியில், ஆழத்தில், எப்போதும் நீரைப் பற்றிக்கொண்டே இருக்கும். எதிர்காற்றில் வீடு வந்து சேரும் திறன் என்று பார்த்தால், இரண்டுக்கும் இடையில் ஒப்பீடே இல்லை.

புரொப்பெல்லரின் அளவும் இதில் சேருகிறது. 15 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சினில் ஏறத்தாழ 9 அங்குல விட்டமுள்ள சிறிய புரொப்பெல்லர் வேகமாகச் சுழல்கிறது. அது இலேசான படகை விரைவாக ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதே வலுவுள்ள டீசல் எஞ்சின், கியர்பெட்டியின் உதவியால் 14 முதல் 16 அங்குலப் புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றுகிறது. பாரமான உடலைத் தள்ளுவதற்கு அதிக நீரை மெதுவாகத் தள்ளுவதே திறமையான வழி. சிறிய புரொப்பெல்லர் பாரத்தின் முன் வழுக்குகிறது. வெளியிணைப்புதான் என்று முடிவெடுப்பவர்கள், பாரப் படகுகளுக்கென்றே செய்யப்படும் உயர் உந்துவிசை வகையைக் கேட்டு வாங்கவேண்டும். சாதாரண எஞ்சினின் கியர் விகிதம் ஏறக்குறைய 2க்கு 1 என்றால், இவற்றில் அது ஏறக்குறைய 3க்கு 1 ஆக இருக்கும், புரொப்பெல்லரும் பெரிது. அது கிடைக்காவிட்டால், குறைந்த பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லரையாவது மாற்றிப் போடவேண்டும். கடையில் வந்தபடியே பூட்டினால் எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்டாமல் திணறியே காலத்துக்கு முன் தேய்ந்துபோகும்.

பின்பலகையின் உயரத்தையும் அளக்காமல் எஞ்சின் வாங்கக்கூடாது. வெளியிணைப்பு எஞ்சின்களின் கால் நீளம் பொதுவாக 15, 20, 25 அங்குலம் என்று வருகிறது. பழைய பாய்ப்படகின் பின்பலகை விளிம்பு நீரிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால், 25 அங்குலக் காலும் போதாது. அப்போது ஏற்றி இறக்கும் தாங்கி ஒன்றைப் பின்பலகையில் பூட்ட வேண்டும், அல்லது பலகையை வெட்டித் தாழ்த்த வேண்டும். பலகையை வெட்டினால் பின்னாலிருந்து வரும் அலைக்கு வாசல் திறந்ததாகிவிடும் என்பதால், அதற்கு முன்னால் உள்ளே இன்னொரு தடுப்புச் சுவர் கட்டியே ஆகவேண்டும். இரு முனையும் கூராக முடியும் வள்ளங்களில் எஞ்சின் கொழுவுவதற்குப் பலகையே கிடையாது; பக்கத்தில் சட்டம் கட்டித்தான் கொழுவ வேண்டும், அது பாய்க்கும் வலைக்கும் இடைஞ்சல். பாயை இன்னும் பயன்படுத்துபவர்களுக்கு வெளியிணைப்பு தரும் ஒரு நல்ல பலனையும் சொல்லவேண்டும்: பாய் விரித்ததும் எஞ்சினைச் சாய்த்துவிட்டால் நீரில் இழுவை எதுவும் இல்லை. உள்ளிணைப்பின் மூன்று இதழ்ப் புரொப்பெல்லர் பாயில் ஓடும்போதும் நீரில் நின்று வேகத்தைப் பிடித்திழுக்கும்.

அடுத்து, பழைய எஞ்சின் இருந்த இடத்தைச் சோதிப்பது. என் மதிப்பீட்டில் இந்தச் சோதனையே முடிவைத் தீர்மானிக்க வேண்டும், ஆனால் இதற்குத்தான் எவரும் நேரம் ஒதுக்குவதில்லை. எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தபின், அது உட்கார்ந்திருந்த இரண்டு நெடுஞ்சட்டங்களையும் எண்ணெய் போகக் கழுவி உலர விடுங்கள். பிறகு சிறிய சுத்தியலால் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று திருப்பி ஒலிக்கும். உழுத்த மரம் மந்தமாக விழுங்கிக்கொள்ளும். போல்ட் துளைகளைச் சுற்றித்தான் உழுத்தல் முதலில் தொடங்கும், ஏனெனில் டீசலும் உப்புநீரும் அங்கேதான் தேங்குகின்றன. கண்ணாடியிழையால் மூடப்பட்ட சட்டமாக இருந்தால், துளைக்குள் மெல்லிய கம்பியைவிட்டுக் கிளறிப் பாருங்கள். ஈரமான கறுத்த தூள் வந்தால், உள்ளே இருக்கும் மரம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் ஷாப்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். வெளித்தாங்கியில் அசைவு தெரிந்தால் தாங்கியை மாற்றினால் போதும். ஷாப்டிலேயே கிளாண்ட் இருக்குமிடத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாப்டையும் மாற்றவேண்டும். ஷாப்ட் குழாய் படகின் உடலோடு சேரும் இடத்தில் வெடிப்பு இருந்தால், அது உடலின் வேலை. எஞ்சின் செலவோடு அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சட்டமும் ஷாப்டும் நன்றாக இருக்குமானால், அந்தப் படகில் உள்ளிணைப்பைக் கைவிடுவது பெரும்பாலும் நட்டம். ஏற்கனவே செய்து முடிக்கப்பட்ட விலையுயர்ந்த வேலை அங்கே கிடக்கிறது. புதிய எஞ்சினின் கால்கள் பழைய சட்டத்தின் இடைவெளிக்குப் பொருந்துகின்றனவா, கியர்பெட்டியின் விகிதமும் சுழலும் திசையும் பழைய புரொப்பெல்லருக்கு ஒத்துவருகின்றனவா என்ற இரண்டையும் வாங்குமுன் பார்த்துக்கொண்டால் போதும். மாறாக, சட்டம் உழுத்து ஷாப்டும் போய்விட்டிருந்தால், உள்ளிணைப்பின் செலவு இரட்டிப்பாகும். அப்போது வெளியிணைப்பின் பக்கம் நியாயம் சாய்கிறது. ஆனால் ஷாப்ட் போன துளையை மரக்கட்டையால் அடித்து மூடிவிட்டுப் போகலாம் என்று எவரும் எண்ணக்கூடாது. கண்ணாடியிழைப் படகில் துளையைச் சுற்றி உடலின் தடிப்பைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் படைபடையாக இழை வைத்து மூடவேண்டும். அதோடு, நடுவில் இருந்த 100 கிலோவுக்கும் மேற்பட்ட எஞ்சின் போய், 50 கிலோ எஞ்சினும் எரிபொருள் தாங்கியும் பின்முனைக்கு வந்தால், படகு பின்னால் அமர்ந்து அணியம் தூக்கும். அதைச் சரிசெய்ய நடுவில் அடிப்பாரம் வைக்க வேண்டியிருக்கும்.

எரிபொருள் கணக்கு வன்னியில் தனிக் கதை. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் எரிபொருளே எட்டாப் பொருளாக இருந்த காலத்தைக் கண்ட தலைமுறை இன்னும் தொழிலில் இருக்கிறது. பாயைக் கழற்றி எறிய மனம் வராதவர்களின் தயக்கத்தில் அந்த நினைவும் உண்டு. பின்னர் மானிய விலையில் மண்ணெண்ணெய் கிடைத்த காலத்தில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இருஅடி (டூ-ஸ்ட்ரோக்) வெளியிணைப்பு எஞ்சின்கள் கரையை நிறைத்தன. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானபோது, அந்தத் தெரிவின் அடிப்படையே ஆடிப்போயிற்று. ஆகவே இன்றைய விலையை வைத்து எஞ்சின் தெரிவு செய்வதைவிட, எத்தனை லீற்றர் செல்லும் என்பதை வைத்துத் தெரிவு செய்வதே காலத்துக்கு நிற்கும். படகு தொடர்ந்து 8 குதிரைவலு அளவில் ஓடுகிறது என்று கொண்டால், உள்ளிணைப்பு டீசல் மணித்தியாலத்துக்கு 2 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும், நாலடி (ஃபோர்-ஸ்ட்ரோக்) பெற்றோல் வெளியிணைப்பு 3 லீற்றரை ஒட்டியும், இருஅடி எஞ்சின் 4 லீற்றரும் அதற்கு மேலும் எடுக்கும். ஆறு மணித்தியாலத் தொழிலுக்கு இது 12, 18, 24 லீற்றர் என்று விரிகிறது. இருஅடியில் கலக்கும் எண்ணெய் இதற்குப் புறம்பு. ஆண்டு முழுவதும் தொழிலுக்குப் போகும் படகில் டீசலின் கூடுதல் விலை இந்த வித்தியாசத்தாலேயே திரும்பிவிடும். மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் இறங்கும் படகில் அது திரும்பவே மாட்டாது.

திருத்துநர் யார் என்பதும் முக்கியம். வெளியிணைப்பு எஞ்சினுக்கு, குறிப்பாக யமஹாவின் இருஅடி வகைக்கு, கரையோரத்தில் உதிரிப்பாகமும் கைத்திறனும் எளிதாகக் கிடைக்கின்றன. டீசலுக்குக் கொழும்புக்குப் போகவேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பாதிதான் உண்மை. வன்னி நெல் விளையும் நிலம்; கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முள்ளியவளையிலும் உழவு இயந்திரம் திருத்துபவர்கள் இருக்கிறார்கள்; இன்ஜெக்டரும் எரிபொருள் பம்பும் வால்வும் அவர்களுக்குக் கைவந்த வேலை. அவர்களுக்குப் பழக்கமில்லாதது கடல்நீர்க் குளிரூட்டலும் ஈரப் புகைக்குழாயும் மட்டுமே. இந்த இரண்டையும் படகுக்காரர் தானே நன்றாக விளங்கிவைத்திருக்க வேண்டும். குறிப்பாக, எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், குளிரூட்டும் நீர் புகைக்குழாய்க்குள் சேருமிடத்துக்கு முன்னால் நீர்மட்டத்துக்கு மேலே எழும்பும் வளைவும் அதன் உச்சியில் காற்றுவால்வும் இல்லாவிட்டால், நிறுத்திவைத்த எஞ்சினுக்குள் கடல்நீர் தானாகவே இறங்கி நிறைந்துவிடும். தரையில் ஓடிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை மலிவாக வாங்கிப் படகில் இறக்க நினைப்பவர்கள் இந்தப் பாகங்களுக்கான செலவையும், பின்னோட்டத்தோடு கூடிய கடல் கியர்பெட்டியின் செலவையும் சேர்த்துப் பார்த்தால், மலிவு என்பது பெருமளவு கரைந்துபோகும்.

களவைப் பற்றி ஒரு வரி போதும்: வெளியிணைப்பைத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் அதே எளிமை கள்வனுக்கும் உண்டு. தீ விபத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லவேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மூடிய பழைய எஞ்சின் அறைக்குள் பெற்றோல் தாங்கியை வைத்தால் அது அடியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். வெளியிணைப்புக்கு மாறுபவர்கள் தாங்கியைத் திறந்தவெளியிலேயே வைக்கவேண்டும். காலியான எஞ்சின் அறையைத் தாங்கி வைக்கும் இடமாக்குவது பெரும் தவறு.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் நான் வந்து நிற்கும் இடம் இது. களப்புக்குள்ளோ இறங்குதுறையிலோ மிதந்தபடியே கிடக்கும், இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட, ஆண்டு முழுவதும் தொழில் செய்யும் படகில் சட்டம் நன்றாக இருந்தால், கடன்பட்டாவது டீசலை மீண்டும் உள்ளே இறக்குவதே சரி. நாள்தோறும் மணலுக்கு ஏறும் படகு, மணல் திட்டைக் கடந்து போய்வரும் படகு, மேற்குக் கரையின் இடுப்பளவு நீரில் தொழில் செய்யும் படகு ஆகியவற்றுக்கு வெளியிணைப்பே பொருந்தும். அவை 24 அடிக்குக் குறைந்தவையாக இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. தடுமாற்றம் உள்ளது ஒன்றில்தான்: மூன்றரைத் தொன் பாரமும் இருந்து, திறந்த கரையில் மணலுக்கும் ஏறவேண்டிய படகு. அதற்கு எந்த எஞ்சினும் முழுமையாகப் பொருந்தாது. அந்தப் படகைக் களப்புக்குள் மாற்றிக் கட்ட வழி உண்டா என்று முதலில் பாருங்கள் என்றே சொல்வேன். வழியில்லை என்றால், ஏற்றி இறக்கும் தாங்கியோடு கூடிய உயர் உந்துவிசை வெளியிணைப்பை வைத்து, வாடைக் கடலில் தூரம் போகாமல் தொழிலை அமைத்துக்கொள்ளவேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் பேசிவிடுவது அவசியம். உள்ளிணைப்புப் படகும் வெளியிணைப்புப் படகும் பதிவில் வேறுவேறு வகை என்பதால், மாற்றியபின் போய்ச் சொல்வது சிக்கலைத் தரும். கிழக்குக் கரைக்காரர்களுக்கு வேலைக்கு ஏற்ற காலம் ஐப்பசி முதல் மார்கழி வரை, கடல் எப்படியும் இறங்கவிடாத மாதங்கள். ஆனால் கண்ணாடியிழை வேலை மழை ஈரத்தில் இறுகாது என்பதால் கூரை கட்டாயம் வேண்டும். மேற்குக் கரைக்காரர்கள் சோளகக் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தைப் பயன்படுத்தலாம். உள்ளிணைப்பை இறக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கரையில் நிற்கும் படகின் உடலும் நீரில் மிதக்கும் அதே உடலும் ஒரே வடிவில் இருப்பதில்லை. எஞ்சினுக்கும் ஷாப்டுக்கும் உள்ள நேர்க்கோட்டைக் கரையில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, படகை இரண்டு மூன்று நாள் நீரில் மிதக்கவிட்டபின் இணைப்பைத் தளர்த்தி, இரு முகங்களுக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நாலு பக்கமும் விட்டு மறுபடி அளந்து, வித்தியாசம் 0.1 மில்லிமீற்றருக்குள் வந்தபிறகே இறுதியாக முடுக்கவேண்டும்.